நாக்ஸோஸ் தீவின் மலைக் கிராமங்களில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீஸ் போகிறவர்கள் ஏதென்ஸ், சாண்டோரினி, மிக்கோனோஸ் என்று திட்டம் போட்டுவிட்டு, நடுவில் நாக்ஸோஸில் இரண்டு நாள் தங்கலாமா என்று கேட்கிறார்கள். அடுத்து வரும் சந்தேகங்களும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கடற்கரைகளைப் பற்றி இதில் எதுவும் இல்லை. தீவின் உள்பகுதியை, அதன் கிராமங்களையும் ஒலிவத் தோப்புகளையும், ஒரு பகலில் எப்படிப் பார்ப்பது என்பது மட்டும்தான்.

நாக்ஸோஸ் எங்கே இருக்கு? எப்படிப் போறது?

ஏஜியன் கடலில் உள்ள சிக்லடீஸ் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவு இது. பரப்பளவு சுமார் 430 சதுர கிலோமீட்டர். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் ஐந்து, ஐந்தரை மணி நேரம். வேகப் படகில் மூன்றரையிலிருந்து நான்கு மணி நேரம். சாண்டோரினியிலிருந்து வருவதானால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஏதென்ஸிலிருந்து சிறிய விமானங்களும் உண்டு.

கப்பல் நிற்கும் ஊரின் பெயர் ஹோரா. தீவின் தலைநகரம் அதுதான். வண்டி வாடகை, பேருந்து நிலையம், மருத்துவ நிலையம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் தூரம், நேரம் எல்லாவற்றையும் ஹோராவிலிருந்தே கணக்கிட்டிருக்கிறோம்.

கிராமம் பார்க்க ஏன் நாக்ஸோஸ்? எல்லாத் தீவிலும்தான் கிராமம் இருக்கே?

இருக்கின்றன. ஆனால் சிக்லடீஸ் தீவுகளில் பல வறண்டவை. நாக்ஸோஸின் நடுவே ஸாஸ் என்ற மலை 1,004 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அந்தத் தீவுக்கூட்டத்திலேயே உயரமான சிகரம் அது. மலைத்தொடர் மேகத்தைத் தடுப்பதால் ஊற்றுகள் உண்டு, பள்ளத்தாக்குகளில் மண் உண்டு, அதனால் விவசாயமும் உண்டு. உருளைக்கிழங்கு, ஒலிவம், திராட்சை, மாட்டுப்பால் பாலாடைக்கட்டி என்று தீவு தன் உணவைத் தானே விளைவிக்கிறது.

அதனால் இங்கே கிராமங்கள் சுற்றுலாவுக்காக மட்டும் நிற்பவை அல்ல. காலை எட்டு மணிக்குப் போனால் ஆட்டுத் தீவனம் ஏற்றிய வண்டியும், காபிக் கடையில் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்களும்தான் முதலில் கண்ணில் படுவார்கள். அதைப் பார்க்கத்தான் மலை ஏறச் சொல்கிறோம்.

ஒரே நாள்ல தீவு முழுக்கச் சுத்திடலாமா?

வண்டியில் சுற்றலாம், சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆனால் செய்யாதீர்கள். வரைபடத்தில் 100 கிலோமீட்டர் சின்னதாகத் தெரியும். மலைப்பாதையில் மணிக்கு 35, 40 கிலோமீட்டருக்கு மேல் சராசரி வராது. எட்டு இடத்தில் பத்துப் பத்து நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு, மாலையில் எது எந்த ஊர் என்று நினைவில்லாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

மூன்று கிராமம் போதும்: ஹல்கி, அபீராந்தோஸ், ஃபிலோட்டி. ஒவ்வொன்றிலும் வண்டியை ஊர் எல்லையில் விட்டுவிட்டு ஒரு மணி நேரமாவது நடக்க வேண்டும். இந்த ஊர்களில் பார்க்க வேண்டியது எதுவும் கார் போகும் சாலையில் இல்லை, சந்துக்குள்தான் இருக்கிறது. இரண்டாவது நாள் கையில் இருந்தால் வடக்கே அப்போலோனாஸ் பக்கம் போகலாம்.

அப்போ நேரக் கணக்கு சொல்லுங்க. எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

காலை 8.30-க்கு ஹோராவை விட்டுக் கிளம்புங்கள். 9 மணிக்கு சாங்க்ரி அருகே டிமீட்டர் கோயில், முக்கால் மணி நேரம். 10.15-க்கு ஹல்கி, ஒன்றரை மணி நேரம். 12 மணிக்கு மோனி கிராமத்தை ஒட்டிய பனாகியா த்ரோசியானி தேவாலயம், அரை மணி நேரம். 1.15 வாக்கில் அபீராந்தோஸ். சாப்பாடு, பிறகு நடை, 4 மணி வரை. திரும்பும் வழியில் ஃபிலோட்டியில் சதுக்கத்துப் பிளேன் மரத்தடியில் ஒரு காபி. 6 மணிக்கு ஹோரா. மொத்தம் 65 கிலோமீட்டர் போல வரும்.

டிமீட்டர் கோயிலை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அது திறந்தவெளியில் இருக்கிறது, நிழல் இல்லை. கோடையில் 11 மணிக்கு மேல் அந்த வெள்ளைப் பளிங்கில் கண் கூசும். கி.மு. 530 வாக்கில் கட்டியது. கூரை ஓடுகள் உட்பட எல்லாமே பளிங்கு. பிற்காலத்தில் தேவாலயமாக மாற்றப்பட்டு, பின்பு சிதைந்து, கிரேக்க, ஜெர்மன் ஆய்வாளர்கள் கிடைத்த துண்டுகளைக் கொண்டு ஒரு பகுதியைத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். சுற்றிலும் வயல்தான். தானியத்துக்கான தெய்வத்தின் கோயில் ஏன் இங்கே வந்தது என்பது நின்று பார்த்தாலே விளங்கும். வாரத்தில் ஒரு நாள் மூடும் வழக்கம் உண்டு என்பதால் எந்த நாள் என்று முந்தின இரவே விடுதியில் கேட்டுவிடுங்கள்.

வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 8.45 ஆகிவிடும். அக்டோபர் நடுவில் 6.45-க்கே மறைந்துவிடும், அந்த மாதத்தில் ஃபிலோட்டி காபியைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மதியம் போனா ஊரே காலியா, கடையெல்லாம் மூடியிருக்குன்னு சொல்றாங்களே?

உண்மைதான். பிற்பகல் 2.30-லிருந்து 5.30 வரை ஓய்வு நேரம். கிரேக்கர்கள் இதை மெசிமேரி என்பார்கள். சிறு கடைகள் மூடிவிடும், தெருவில் ஆள் இருக்காது, சத்தமாகப் பேசுவதும் அழைப்புமணி அடிப்பதும் மரியாதைக் குறைவு. உணவகங்கள் மட்டும் திறந்திருக்கும்.

அதனால்தான் மேலே சொன்ன கணக்கில் கடைகளும் பட்டறைகளும் உள்ள ஹல்கி காலையில் வருகிறது, சாப்பாடும் சந்து நடையும் உள்ள அபீராந்தோஸ் மதியத்தில் வருகிறது. வரிசையை மாற்றினால் ஹல்கியில் மூடிய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள்.

கார் எடுக்கணுமா, பஸ்ஸே போதுமா?

பேருந்து போதும், ஆனால் இரண்டு கிராமத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஹோரா துறைமுகத்துக்கு எதிரிலேயே கேடெல் பேருந்து நிலையம் இருக்கிறது. ஹல்கி, ஃபிலோட்டி, அபீராந்தோஸ் மூன்றும் ஒரே வழித்தடத்தில் வரும். கடைசி ஊருக்குச் சுமார் ஒரு மணி நேரம். கோடையில் நாளைக்குப் பல நடை உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் குளிர்காலத்திலும் மிகக் குறைவு. டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்குங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்து. மலைக் கிராமத்தில் டிக்கெட் விற்கும் கடை மெசிமேரியில் மூடியிருந்தால் சிக்கல்.

பேருந்துக்காரர்களுக்கு நல்ல திட்டம் இது: முதல் வண்டியில் நேராக அபீராந்தோஸ் போய்விட்டு, திரும்பும் வண்டியில், முடிந்தால் மெசிமேரிக்கு முன்பே, ஹல்கியில் இறங்கி, கடைசி வண்டிக்கு முந்தின வண்டியில் ஹோரா திரும்புவது. கடைசி வண்டியை நம்பித் திட்டம் போட வேண்டாம். அது தவறினால் டாக்ஸியைத் தொலைபேசியில் வரவழைத்துக் காத்திருக்க வேண்டும்.

இந்திய லைசென்ஸ் செல்லுமா?

இந்திய உரிமத்தை மட்டும் காட்டினால் போதாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து வாங்குவது, ஓராண்டு செல்லும். இரண்டையும் சேர்த்தே கையில் வைத்திருக்க வேண்டும். இலங்கை உரிமத்துக்கும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றிய நாட்டு உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

வாடகைக் கடையில் கேட்காமலே வண்டி கொடுத்துவிடுகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். கொடுக்கலாம். ஆனால் விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் காகிதம் அதுதான். அது இல்லையென்றால் முழுச் செலவும் உங்கள் தலையில்.

வலது பக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. பயமா இருக்கு.

நெரிசலில் தப்பு வராது, முன்னால் போகும் வண்டியே வழிகாட்டும். தப்பு வருவது ஆளில்லாத சாலையில், எங்காவது நிறுத்திவிட்டுத் திரும்ப வண்டியை எடுக்கும்போது. கை தானாக இடதுபக்கம் போகும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் "வலது" என்று வாய்விட்டுச் சொல்வது எளிய, பலன் தரும் ஏற்பாடு. கியர் வண்டியென்றால் கியரை வலது கையால் மாற்ற வேண்டியிருக்கும். தானியங்கி வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

கிராமங்களுக்கு நடுவில் சாலை சில இடங்களில் ஒரு பேருந்தின் அகலம்தான். எதிரே பேருந்து வந்தால் பின்னுக்கு எடுக்க வேண்டியது நீங்கள். வளைவில் ஆடு படுத்திருக்கும். கண் மறைக்கும் திருப்பங்களில் ஒலியெழுப்புங்கள், அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எரிபொருளை ஹோராவிலேயே நிரப்பிவிடுங்கள். மலைக்கு மேலே நிலையங்கள் அரிது.

இன்னொன்று: வாடகைக் காப்பீட்டில் சக்கரம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் சேராமல் இருப்பது வழக்கம். மண்சாலையில் போனால் காப்பீடே செல்லாது என்ற விதியும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். கைப்பேசி வரைபடம் குறுக்குவழி என்று மண்சாலையைக் காட்டினால் கேட்காதீர்கள். தார்ச்சாலை சுற்றாக இருந்தாலும் அதுவே வழி.

ஸ்கூட்டர், நாலு சக்கர பைக் எடுத்தா மலிவுதானே?

கடற்கரைக்குப் போக மலிவு. மலைக்கு வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் மெல்தேமி என்ற வடகாற்று நாள்கணக்கில் அடிக்கும். மலை முகட்டில் வளைவு திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும். ஸ்கூட்டருக்கு இருசக்கர உரிமமும், அதே வகை குறித்த சர்வதேச அனுமதியும் வேண்டும். தலைக்கவசம் கட்டாயம்.

ஹல்கியில என்ன பார்க்கணும்? இணையத்துல தேடினா வேற தீவைக் காட்டுது.

ரோட்ஸ் அருகே ஹல்கி என்ற பெயரிலேயே ஒரு தீவு இருக்கிறது. தேடும்போது நாக்ஸோஸ் என்று சேர்த்துப் போடுங்கள். நாம் சொல்லும் ஹல்கி ஒரு காலத்தில் தீவின் வணிக மையம். ஹோராவிலிருந்து 16 கிலோமீட்டர், ட்ராகேயா என்ற ஒலிவச் சமவெளியின் நடுவில் இருக்கிறது. வெனீசியர் காலத்துக் கோபுர வீடும், பனாகியா புரோத்தோத்ரோனி தேவாலயமும், நெசவுக் கடையும், மட்பாண்டக் கடையும் ஐந்து நிமிட நடைக்குள்.

ஆனால் ஹல்கியின் சிறந்த அரை மணி நேரம் ஊருக்கு வெளியே கிடைக்கிறது. ஒலிவத் தோப்புக்குள் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அயியோஸ் கியோர்கியோஸ் தியாசோரீத்திஸ் என்ற சின்னத் தேவாலயம். பாதையின் இருபுறமும் சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவுமில்லாமல் கல்லின்மேல் கல் வைத்துக் கட்டிய சுவர். கூர்ந்து பாருங்கள்: பெரிய கற்களுக்கு நடுவே விரல் அளவுச் சில்லுகளை அடித்துச் செருகியிருப்பார்கள். மழைநீர் அந்த இடுக்குகளில் வடிந்துபோகும், மண் தங்கிவிடும். இந்தக் கட்டுமானக் கலையைப் பல நாடுகளின் பொது மரபாக யுனெஸ்கோ 2018-இல் பட்டியலில் சேர்த்தது. கிரீஸும் அதில் ஒன்று. சுவர்மேல் உட்காரவோ ஏறவோ கூடாது. ஒரு கல் சரிந்தால் பக்கத்துக் கற்களும் பிடி விட்டுவிடும்.

கித்ரோன்னு ஒரு மது சொல்றாங்களே, அது என்ன?

கிடாரை, நார்த்தை இனத்தைச் சேர்ந்த சிட்ரான் மரத்தின் இலையிலிருந்து வடிப்பது. பழத்திலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, இலைதான். நார்த்தை இலையில் வேப்பிலைக்கட்டி இடித்துப் பழகிய மூக்குக்கு அந்த வாசனை உடனே பிடிபடும். பழத்தின் தடித்த தோலைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து இனிப்பாகத் தருகிறார்கள். மது குடிக்காதவர்கள் அதைக் கேளுங்கள்.

ஹல்கியில் வல்லிந்த்ராஸ் குடும்பத்தின் வடிசாலை 1896 முதல் இருக்கிறது. பழைய செம்புக் கொப்பரைகளைப் பார்க்கலாம். மூன்று நிறம்: பச்சையில் 30 சதவீத ஆல்கஹால், இனிப்பு அதிகம், நிறமில்லாதது 33, மஞ்சள் 36, இனிப்பு குறைவு. வண்டி ஓட்டுபவர் சுவைக்க வேண்டாம். கிரீஸில் ரத்த ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் இருசக்கர ஓட்டிகளுக்கும் 0.2 தான். முன்னால் இருக்கும் மலைப்பாதையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அபீராந்தோஸை எல்லாரும் புகழ்றாங்களே, அப்படி என்ன இருக்கு?

தெருவே பளிங்கு. 600 மீட்டருக்கு மேல் மலைச்சரிவில் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரில் படிக்கட்டு, வாசற்படி, நிலைச்சட்டம் எல்லாம் பளிங்குக் கல். நூற்றாண்டுகளாகக் கால்பட்டுப் படிகளின் விளிம்பு சோப்புக் கட்டிபோல உருண்டுபோயிருக்கிறது. அழகுதான், வழுக்கவும் செய்யும். அடி தேய்ந்த செருப்போடு போகாதீர்கள். மழை பெய்திருந்தால் சுவரோரமாக நடங்கள்.

ஊரின் வாழ்வு பளிங்கால் வந்ததல்ல, எமரி என்ற கருங்கனிமத்தால் வந்தது. குருந்தமும் இரும்புத் தாதும் கலந்த கல் அது. உலோகத்தையும் கண்ணாடியையும் தேய்த்து மெருகேற்றப் பயன்படுவது. அபீராந்தோஸ், கோரோனோஸ் கிராமத்தார் மலையைக் குடைந்து அதை எடுத்தார்கள். முதலில் கழுதைமேல் இறங்கிய கல், 1920-களில் கம்பிவடம் போட்டபின் வானத்தில் தொங்கும் தொட்டிகளில் மூட்சூனா துறைமுகத்துக்குப் போனது. செயற்கை உராய்பொருள்கள் வந்ததும் தேவை சரிந்தது. துருப்பிடித்த வடக்கம்பங்கள் இன்றும் சரிவில் நிற்கின்றன. அபீராந்தோஸிலிருந்து மூட்சூனா இறங்கும் சாலையில் கிழக்கே பார்த்தால் தெரியும். ஊரைப் பார்ப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டு போனால் அங்குள்ள ஒவ்வொரு வீடும் வேறு மாதிரி தெரியும்.

மனோலிஸ் கிளேசோஸ் பிறந்த ஊரும் இதுதான். 1941 மே 30 இரவு, நாஜிகள் பிடித்திருந்த ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின்மேல் ஏறி, தோழர் அப்போஸ்தோலோஸ் சாந்தாஸோடு சேர்ந்து ஸ்வஸ்திகா கொடியை இறக்கியவர். 2020-இல் மறைந்தார். ஊருக்குள் ஒரு சிறிய தொல்பொருள் அருங்காட்சியகம் உண்டு. மெசிமேரிக்கு முன்பே மூடிவிடும் என்பதால் வந்தவுடன் முதலில் அதைப் பாருங்கள், சாப்பாடு பிறகு.

தேவாலயத்துக்குள்ள போகலாமா? உடை எப்படி இருக்கணும்?

போகலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தலையை மூட வேண்டியதில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். செருப்பைக் கழற்றத் தேவையில்லை. நடுவிலுள்ள திரைச்சுவருக்குப் பின்னால் போகக் கூடாது, அது கருவறை மாதிரி.

பனாகியா த்ரோசியானியில் சுவரோவியங்களின் மிகப் பழைய அடுக்கு 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கரடுமுரடான கல்லை உருட்டிவைத்த குவியல் மாதிரி இருக்கும். உள்ளே போய்க் கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் பொறுங்கள். குவிமாடத்தில் கிறிஸ்துவின் உருவம் ஒன்றல்ல, இரண்டு: ஒன்று இளையவராக, ஒன்று மூத்தவராக. உள்ளே படம் எடுக்கக் கூடாது. வாசலில் இருக்கும் பெட்டியில் ஒன்றிரண்டு யூரோ போடுவது வழக்கம்.

படுத்துக்கிடக்கிற பெரிய சிலை எங்கே இருக்கு? ரெண்டு மூணு இடம் சொல்றாங்க.

இரண்டு இடங்கள். ஹோராவிலிருந்து பக்கத்தில், மெலானெஸ் அருகே ஃப்ளேரியோவில் ஒரு தோட்டத்துக்குள் கால் உடைந்த இளைஞன் சிலை. இன்னொன்று அங்கிருந்து சிறிது நடந்தால் மேட்டில். வடகோடியில் அப்போலோனாஸில் கிடப்பது மிகப் பெரியது, பத்தரை மீட்டருக்கு மேல் நீளம், எடை சுமார் 80 டன். தாடி இருப்பதால் மதுவின் தெய்வமான தயோனிசஸ் என்று சொல்கிறார்கள். எல்லாம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வாக்கில், கல் வெட்டிய குவாரியிலோ அதன் அருகிலோ பாதியில் விடப்பட்டவை. கல்லில் விரிசலோ உடைவோ ஏற்பட்டதால் கைவிட்டிருக்கலாம். அப்போலோனாஸ் சிலைமேல் உளி கொத்திய வரிசைகள் இன்னும் எண்ணக்கூடியபடி இருக்கின்றன.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஃப்ளேரியோ போதும். டிமீட்டர் கோயிலுக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளலாம். அப்போலோனாஸுக்காக ஹல்கியையோ அபீராந்தோஸையோ விட்டுவிடாதீர்கள்.

நான் சுத்த சைவம். மலைக் கிராமத்துல என்ன கிடைக்கும்?

நிறையவே கிடைக்கும், பெயர் தெரிந்தால் போதும். கீகாந்தெஸ் என்பது தக்காளிச் சாற்றில் அடுப்பில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை. ஃபாவா, மசித்த பருப்பு. ரெவீத்யா, கொண்டைக்கடலைக் குழம்பு. ப்ரியாம், கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டது. ஹோர்த்தா, எலுமிச்சையும் ஒலிவ எண்ணெயும் ஊற்றிய வெந்த கீரை. இவற்றோடு நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு வறுவல். கிரீஸ் முழுக்கப் பெயர் பெற்ற கிழங்கு அது.

தவறுவது மூன்று இடத்தில். முதலாவது, கெமிஸ்தா (அடைத்த தக்காளி, குடைமிளகாய்), தோல்மாதெஸ் (திராட்சை இலைச் சுருள்) இரண்டும் அரிசி மட்டும் அடைத்தும் வரும், கொத்துக்கறி சேர்த்தும் வரும். கேட்டுத்தான் வாங்க வேண்டும். இரண்டாவது, நிஸ்தீசிமோ என்ற சொல். விரத உணவு என்று பொருள். இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் கணவாயும் ஆக்டோபஸும் விரதத்துக்கு அனுமதி உண்டு. ஆகவே நிஸ்தீசிமோ என்றால் சைவம் என்று நினைத்து வாங்காதீர்கள். மூன்றாவது, வறுவல் எண்ணெய். அதே எண்ணெயில் மீனும் பொரிந்திருக்கலாம்.

சொல்ல வேண்டியது: "ஈமே ஹோர்த்தோஃபாகோஸ்", நான் சைவம். அதோடு நிறுத்தாமல் "ஹோரீஸ் க்ரேயாஸ், ஹோரீஸ் ப்ஸாரி" என்று சேருங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். சைவம் என்று மட்டும் சொன்னால் கோழி பரவாயில்லையா என்று அன்போடு கேட்பார்கள். பாலாடைக்கட்டியில் தீவின் பெருமை கிராவியேரா. பெரும்பங்கு மாட்டுப்பால், 1996 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு பெற்றது. மரபாக அதை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. அது வேண்டாம் என்பவர்கள் கிராவியேராவைத் தவிர்க்கலாம்.

காபிக் கடையில என்ன சொல்லிக் கேட்கணும்?

கஃபெனியோ என்று பெயர் போட்ட கடைதான் ஊர்ப் பெரியவர்கள் உட்காரும் இடம். உள்ளே போகும்போது "யா சாஸ்" என்று பொதுவாக வணக்கம் சொல்லுங்கள், எல்லோரும் திரும்பச் சொல்வார்கள். கிரேக்கக் காபியில் சர்க்கரையைத் தனியாகப் போட முடியாது, காய்ச்சும்போதே சேர்ப்பார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: ஸ்கேத்தோ என்றால் சர்க்கரை இல்லாமல், மேத்ரியோ நடுத்தரம், க்ளிக்கோ இனிப்பு. பால் கிடையாது. வந்தவுடன் குடிக்காமல் தூள் அடியில் படிய விடுங்கள். கலக்கக் கூடாது. கடைசி ஒரு வாய் வண்டல், அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

இங்கிலீஷ் தெரியுமா அங்கே? தலையாட்டினா புரியுமா?

உணவகங்களில் ஆங்கிலம் தெரியும். முதியவர்களிடம் பெரும்பாலும் தெரியாது. "கலிமேரா", காலை வணக்கம், "எஃப்ஹரிஸ்தோ", நன்றி. இவையே நிறைய கதவுகளைத் திறக்கும்.

குழப்புவது ஆமாம், இல்லை இரண்டும்தான். "நே" என்றால் ஆமாம். இந்தி தெரிந்தவர்களுக்கு அது நேர்மாறாகக் கேட்கும். "ஓஹி" என்றால் இல்லை. பல நேரம் வாயால் சொல்லவே மாட்டார்கள். புருவத்தையும் முகவாயையும் மேலே தூக்கி "ச்சு" என்று ஒரு ஒலி எழுப்புவார்கள். நம் ஊரில் இல்லை என்பதற்கு நாக்கால் தட்டும் அதே ஒலி, அதே பொருள். முகம் சுளிக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

தண்ணி, கழிப்பறை, பணம்?

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஹோராவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறைக் காகிதத்தைக் கழிப்பறைப் பீங்கானுக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். குழாய்கள் குறுகல், அடைத்துக்கொள்ளும். அட்டை எல்லா இடத்திலும் ஏற்பார்கள் என்றாலும் ஐந்து, பத்து யூரோ தாள்கள் கையில் இருக்கட்டும். அவசர எண் 112.

ஸாஸ் மலை ஏறலாமா? வயசானவங்க கூட வர்றாங்க.

இரண்டு பாதை உண்டு. ஃபிலோட்டிக்கு அருகே ஆரியா ஊற்றிலிருந்து குகை வழியாக ஏறுவது செங்குத்து, குகைக்கு மேலே உதிரிக் கல் சறுக்கும். அயியா மரினா சிற்றாலயத்திலிருந்து போவது சாய்வு குறைவு; ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்தப் பாதையில் ஸியூஸின் மலை என்று பழங்கிரேக்கத்தில் பொறித்த பாறை ஒன்றைப் பார்க்கலாம். ஏறுவதானால் மேலே கொடுத்த நேரக் கணக்கில் டிமீட்டர், ஹல்கி, மோனி மூன்றையும் எடுத்துவிட வேண்டும். மலையையும் அந்த மூன்றையும் ஒரே நாளில் திணிக்க முடியாது.

பெரியவர்களுக்கு மலை வேண்டாம். ஹல்கியிலிருந்து ஃபிலோட்டி வரை மூன்று கிலோமீட்டருக்குள்தான். அந்தச் சமவெளி நடை அவர்களுக்கு ஏற்றது. எங்கே நடந்தாலும் மூடிய காலணி போடுங்கள். கற்சுவர்களில் மூக்கில் கொம்புள்ள ஒருவகை விரியன் உண்டு. தானாகக் கடிக்க வராது, இடுக்கில் கைவிட்டால்தான் ஆபத்து. பாதையில் கம்பி கட்டிய படல் வந்தால் திறந்து போய், பின்னால் அதே மாதிரி கட்டிவிடுங்கள். திறந்து விட்டால் ஒருவருடைய ஆட்டுமந்தை அன்று மாலை வேறு மலையில் இருக்கும்.

எந்த மாசம் போகணும்? ஆகஸ்ட்ல திருவிழான்னு கேள்விப்பட்டேன்.

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரை, இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர். ஏப்ரலில் மலைச்சரிவு முழுக்கக் காட்டுப்பூ. ஆகஸ்ட் 15 அன்னை மரியாளின் விழா. ஃபிலோட்டியில் வயலினும் லவுத்தோ என்ற நரம்பு வாத்தியமும் இசைக்க விடிய விடிய ஆட்டம் நடக்கும். பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் அந்த வாரத்தில் வெளியூர்களிலிருந்து கிரேக்கர்கள் சொந்த ஊருக்குத் திரும்புவதால் கப்பல், அறை, வாடகைக் கார் மூன்றும் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். ஈஸ்டர் போக நினைத்தால் ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டியைப் பாருங்கள். நாம் அறிந்த ஈஸ்டரும் அதுவும் பெரும்பாலும் ஒரே நாளில் வராது. 2027-இல் அது மே 2.

கீழே கிடக்கிற ஓட்டுத் துண்டு, பளிங்குச் சில்லு எடுத்துக்கலாமா?

கூடாது. கோயில் பக்கத்திலும் வயலிலும் கிடக்கும் பானை ஓட்டுத்துண்டு கூடத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். விமான நிலையத்தில் பிடிபட்டால் வழக்கு. நினைவுக்கு வேண்டுமானால் வெற்றிட உறையில் அடைத்த கிராவியேரா, ஒரு புட்டி ஒலிவ எண்ணெய் வாங்குங்கள். இரண்டையும் பதிவு செய்யும் பெட்டியிலேயே வையுங்கள். 100 மில்லிக்கு மேல் திரவத்தைக் கைப்பையில் பல விமான நிலையங்களில் விடமாட்டார்கள்.

காலையில கப்பல்ல வந்து அன்னிக்கு சாயந்தரமே கிளம்பணும். அப்பவும் கிராமம் பார்க்க முடியுமா?

முடியும். ஹல்கி ஒன்று மட்டும் பாருங்கள். காலை 10.30-க்கு இறங்கினாலும் 11.15-க்கு அங்கே இருக்கலாம். கடைகள் மூட மூன்று மணி நேரம் இருக்கும். தோப்பு நடை, சாப்பாடு, காபி எல்லாம் அதற்குள் அடங்கும். புறப்படும் கப்பலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஹோரா வந்துவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் இந்த மாதிரி இறுக்கமாகத் திட்டமிடுவது ஆபத்து. மெல்தேமி பலமாக அடித்தால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களுக்குத் தடை போட்டுவிடுவார்கள். சிறிய வேகப் படகுகள்தான் முதலில் நிற்கும், பெரிய கப்பல்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். அதனால் திரும்புவதற்குப் பெரிய கப்பலில் டிக்கெட் எடுங்கள். ஏதென்ஸிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கும் தீவை விட்டுக் கிளம்பும் கப்பலுக்கும் நடுவே ஒரு முழு இரவு இருக்கட்டும்.